கேட்பாரற்ற ஆயர்கள்

அசிசி பிரான்சிஸின் வாழ்க்கையை எழுதிய செலானோ தாமஸ் ஒரு காட்சியைத் தருகிறார். உரோமையில் கர்தினால் உகோலினோவின் முன்னால் பிரான்சிஸும் தோமினிக்கன் சபையை நிறுவிய தோமினிக்கும் இருக்கிறார்கள். ஆதித் திருச்சபையின் மேய்ப்பர்கள் ஏழைகளாக இருந்தார்கள். உங்கள் சகோதரர்களிலிருந்து ஆயர்களை எடுத்தால் அந்தக் காலம் திரும்பாதா என்று கர்தினால் கேட்கிறார். இருவரும் மறுக்கிறார்கள். சபைக்குச் ‘சிறிய சகோதரர்கள்’ என்று பெயரிட்டதே அவர்கள் பெரியவர்களாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்பது பிரான்சிஸின் பதில். அவர் 1226இல் இறந்தார். 1248இல் அவர் சபையைச் சேர்ந்த ஓத் ரிகோ, பிரான்சின் பெரும் பேராயங்களில் ஒன்றான ரூவானில் அமர்ந்துவிட்டார். இங்கிலாந்தின் தலைமைப் பேராயமான கேன்டர்பரிக்கு 1272இல் தோமினிக்கன் ராபர்ட் கில்வார்ட்பி நியமிக்கப்பட்டார். அவரை அடுத்து 1279இல் பிரான்சிஸ்கன் ஜான் பெக்கம் வந்தார். 1276இல் ஒரு தோமினிக்கன் திருத்தந்தையானார், 1288இல் ஒரு பிரான்சிஸ்கன். இதை வழக்கமாக ஒரு சரிவின் கதையாகச் சொல்வார்கள்: பிச்சை ஏற்று வாழ வந்தவர்கள் பட்டுக்கும் பல்லக்குக்கும் விலைபோன கதை. சரிவு நடந்தது என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. எந்த இடத்தில் சறுக்கியது என்பதில்தான் மாறுபாடு. துறவி ஆயரானபோது உண்மையில் பறிபோனது ஏழ்மை வார்த்தைப்பாடு அன்று, கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு. அந்தக் காலமே தவறான வார்த்தைப்பாட்டுக்குக் காவல் நின்றது.

எல்லோர் கண்ணும் ஏழ்மையின் மேலேயே இருந்ததற்குச் சான்றுகள் ஏராளம். 1260இல் ஆல்பர்ட் மாக்னுஸை ரேகன்ஸ்பர்க் ஆயராக்கும் பேச்சு எழுந்தபோது, தோமினிக்கன் சபையின் தலைவராக இருந்த ரோமான்ஸ் ஊர் உம்பர்ட் அவருக்கு ஒரு மன்றாட்டுக் கடிதம் எழுதினார். தன் அருமைப் பிள்ளையை ஆயர் இருக்கையில் பார்ப்பதைவிடப் பாடையில் பார்ப்பதே மேல் என்கிற அளவுக்கு அதில் போகிறார். ஆல்பர்ட் கடிதத்தைப் படித்தபின்னும் திருத்தந்தையின் ஆணைக்கு இணங்கினார். மறைமாவட்டத்தைக் குதிரையில் அல்லாமல் கால்நடையாகச் சுற்றினார். முரட்டுச் செருப்பு அணிந்த ஆயர் என்று ஊரார் கேலிப்பெயர் வைத்தார்கள். 1262இல் பதவியை விட்டு விலகினார். இதற்கு நேரெதிராக, 1495இல் பிரான்சிஸ்கன் சிஸ்னேரோஸ் டொலேடோவின் பேராயரானபோது, பதவிக்குரிய வெளிப்பகட்டை விடக் கூடாதென்று திருத்தந்தை ஆறாம் அலெக்சாந்தரே அவருக்கு ஆணையிட வேண்டியிருந்தது. அவர் மேலே பேராயருக்குரிய ஆடையும் உள்ளே சபையின் முரட்டு அங்கியுமாக வாழ்ந்தார். செருப்பைப் பார்த்தார்கள், துணியைப் பார்த்தார்கள், தட்டில் என்ன விழுகிறது என்று பார்த்தார்கள். இவை கண்ணுக்குத் தெரிபவை.

பணம் பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. திருத்தந்தை நியமிக்கும் ஆயர் தம் மறைமாவட்டத்தின் ஓராண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உரோமைக்குச் செலுத்த வேண்டியிருந்தது. குடும்பச் சொத்துள்ள ஆயருக்கு அது சுமை. ஒரு காசு வைத்திருக்கக் கூடாத துறவிக்கு அது நேரடியாகக் கடன். பெக்கம் லூக்கா நகரத்து வட்டிக்கடைக்காரர்களிடம் 4,000 மார்க் கடன் வாங்கித்தான் கேன்டர்பரிக்கே வந்து சேர்ந்தார். தவணை தவறினால் சபைநீக்கம் செய்யப்படுவார் என்ற மிரட்டல் அவர் தலைமேல் தொங்கியது. பிரான்சிஸின் பிள்ளை ஒருவர் இத்தாலிய வங்கிக்காரர்களின் கைக்குள் அகப்பட்டபடி இங்கிலாந்தின் தலைமை ஆயராகிறார். இந்த முரணை யாரும் எளிதில் கண்டுகொள்ளலாம், கண்டித்தும் விடலாம். அதனால்தான் இதைவிட ஆழமான முரண் கண்ணில் படாமல் போனது.

அந்த முரண் திருச்சபைச் சட்டத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. 12ஆம் நூற்றாண்டில் கிராசியன் தொகுத்த சட்டத்தொகுப்பில், ஆயராகத் தேர்ந்தெடுக்கப்படும் துறவி மடத்து ஒழுங்கின் நுகத்திலிருந்து விடுபடுகிறார் என்ற விதி உண்டு. நுகம் என்பது அழகிய உவமை. இரண்டு மாடு பூட்டினால்தான் அது நுகம். தாமஸ் அக்குவினாஸ் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டு, ஆயரான துறவி சபை ஒழுக்கங்கள் அனைத்திலிருந்தும் விடுபடுவதில்லை, ஆயர் பணிக்குத் தடையாக இல்லாதவற்றைத் தொடர்ந்து கடைப்பிடிக்கக் கடமைப்பட்டவர் என்று தீர்ப்புச் சொல்கிறார். நியாயமான தீர்ப்பு. ஆனால் எது தடை, எது தடையில்லை என்று நாள்தோறும் யார் முடிவு செய்வது? ஆயர்தான். துறவு வாழ்வின் அடிப்படையே தன் வழக்கில் தானே நீதிபதியாக அமர மாட்டேன் என்பது. மடத்தில் குறித்த நாளில் சகோதரர்கள் கூடுவார்கள். ஒருவன் எழுந்து தன் குற்றங்களைச் சொல்வான். அவன் மறந்ததை, மறைத்ததை மற்றவர்கள் எடுத்துச் சொல்வார்கள். தலைவர் தண்டனை தருவார். ஒழுக்கம் அங்கே தனிமனிதனின் சொத்தல்ல, கூடத்தின் சொத்து. அந்தக் கூடத்திலிருந்து ஒருவரைப் பிடுங்கி அரியணையில் வைத்தால் ஒழுக்கத்தின் பழக்கங்கள் மட்டும் அவரோடு வரும். நோன்பு வரும், விழிப்பு வரும், கண்டிப்பு வரும். அவரைக் கண்டித்த குரல்கள் கூட வராது.

துறவிகளைத் தேடிப்பிடித்து ஆயராக்கியவர்கள் இந்தத் தனிமையைத்தான் விரும்பினார்கள் என்பது என் ஐயம். 1265க்குப் பின் திருத்தந்தையர் ஆயர் நியமனங்களைப் படிப்படியாகத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். பேராலயக் குருக்கள் மன்றம் இரண்டுபட்டு நிற்கும்போதெல்லாம், எந்தக் கட்சிக்கும் உறவுக்காரனாக இல்லாத, மகனுக்கும் மருமகனுக்கும் நிலம் தேடாத, படித்த, எங்கே போகச் சொன்னாலும் போகப் பழகிய ஒருவன் தேவைப்பட்டான். அரசர்களுக்கோ தங்கள் பாவசங்கீர்த்தனம் கேட்ட குருவே வசதி. இரண்டாம் ரிச்சர்டின் பாவசங்கீர்த்தனக் குருவான தோமினிக்கன் தாமஸ் ரஷூக் 1383இல் லாண்டாஃபுக்கும் 1385இல் சிசெஸ்டருக்கும் ஆயரானார். 1388இல் அரசரின் எதிரிகள் பாராளுமன்றத்தில் மேலோங்கியபோது குற்றம்சாட்டப்பட்டு அயர்லாந்துக்குத் துரத்தப்பட்டார். அரசரைத் தவிர அவருக்கென்று யாரும் இல்லை. நியமிப்பவர் பார்வையில் இது விசுவாசம். மறைமாவட்டத்தின் பார்வையில், தோளைத் தொட்டுப் ‘போதும் சாமி’ என்று சொல்ல ஆளில்லாத அதிகாரம்.

இதை நுட்பமாகக் காட்டும் ஆவணம் ஓத் ரிகோவினுடையது. 1248 முதல் 1269 வரை தாம் சென்ற ஊர்கள், பார்வையிட்ட மடங்கள், கண்டுபிடித்த குற்றங்கள் எல்லாவற்றையும் அவர் நாட்குறிப்பாகப் பதியவைத்தார். எந்த மடத்தில் எத்தனை பேர், கடன் எவ்வளவு, பாவசங்கீர்த்தனம் முறையாக நடக்கிறதா, இறைச்சி தின்கிறார்களா, அன்று இரவு தாம் எங்கே தங்கினார், யார் செலவில் தங்கினார் — எல்லாம் அதில் உண்டு. சூதாடிய குரு, வேட்டைக்குப் போன குரு, வைப்பாட்டி வைத்திருந்த குரு என்று வரிசை வரிசையாக வருவார்கள். பங்குக்குப் பரிந்துரைக்கப்பட்ட குருக்களுக்கு லத்தீன் வரிகளைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லி, தேறாதவர்களைத் திருப்பி அனுப்புகிறார். அவர்கள் திருத்தந்தையிடம் முறையிடப் போகிறார்கள். 1249இல் வில்லர்சோ கன்னியர் மடத்தில் அவர் கண்ட ஒழுங்கீனங்கள் இன்றும் வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகின்றன. தாம் நோயுற்ற நாட்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

இந்தப் பதிவேட்டைச் சீர்திருத்த மனத்தின் சாதனை என்பார்கள், அது சரிதான். நார்மண்டியில் இருபது ஆண்டுகள் இப்படி அலைந்து திரிந்த வேறு பேராயரைக் காட்டுவது கடினம். ஆனால் இதை மடத்துக் குற்றக் கூட்டத்தின் நீட்சியாகவும் வாசிக்கலாம். அதே கேள்விகள், அதே தயக்கமின்மை, அதே திருத்தங்கள். ஒரே வேறுபாடு, கூட்டம் இப்போது ஒருவழிப் பாதை. ஆயிரக்கணக்கானவர்களின் குற்றங்கள் பதிவாகியிருக்கும் அந்தப் புத்தகத்தில் பேராயருடைய குற்றம் எதையும் ஒரு சகோதரன் எழுந்து சொல்வதில்லை. அவருக்குக் கீழிருந்த ஆயர்கள் எதிர்த்தது உண்டு; அது அதிகார எல்லை பற்றிய வழக்கு, ஆன்மா பற்றியதல்ல. ரிகோ நல்லவர் என்பதால் இந்த ஒருவழிப் பாதை நார்மண்டியில் பெரிய தீங்கு செய்யவில்லை. நல்லவராக இருப்பதைத் தவிர வேறு தடுப்பு எதுவும் இல்லை என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன்.

தடுப்பு இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்தின் ஓசரி மறைமாவட்டம் சாட்சி. 1317இல் அங்கே ஆயராக வந்தவர் இங்கிலாந்துக்காரரான பிரான்சிஸ்கன் ரிச்சர்ட் லெட்ரெட். 1324இல் கில்கென்னி நகரத்தின் செல்வப் பெண்மணி ஆலிஸ் கைட்லரின் மீது சூனியக் குற்றமும் தப்பறைக் குற்றமும் சாட்டினார். ஆலிஸின் சார்பில் நின்ற அதிகாரி ஆயரையே 17 நாள் சிறையில் போட்டார். ஆயர் அசையவில்லை. இறுதியில் பணமும் உறவும் இருந்த ஆலிஸ் தப்பியோடினார். அவருடைய பணிப்பெண் பெட்ரோனில்லா சாட்டையடிபட்டு, அந்த ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி உயிரோடு எரிக்கப்பட்டார். இதே லெட்ரெட்தான், தம் பேராலயக் குருக்கள் தெருப்பாட்டுப் பாடி நாவை அசுத்தப்படுத்தக் கூடாதென்று அதே மெட்டுகளுக்கு லத்தீனில் பக்திப்பாட்டு எழுதிக்கொடுத்தவர். ‘ஓசரியின் செந்நூல்’ என்ற கையெழுத்துப் படியில் அவருடைய அறுபது பாடல்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே மனிதர் செய்தவை. தெருமெட்டில் பக்தியைப் புகுத்துவது அசல் பிரான்சிஸ்கன் கைவண்ணம். உறுதி, அஞ்சாமை, துன்பத்தைத் தாங்குதல் என்று சபை கற்றுத்தந்த ஒவ்வொரு நற்குணமும் அந்த வழக்கிலும் வேலை செய்திருக்கிறது. ‘சகோதரரே, இது உமது பிடிவாதம், தேவனுடையது அல்ல’ என்று சொல்லும் உரிமையுள்ள சகோதரன் மட்டும் பக்கத்தில் இல்லை.

பமியே ஆயராக இருந்த சிஸ்டர்சியன் துறவி ழாக் ஃபூர்னியே இன்னொரு வகை. 1318 முதல் 1325 வரை அவர் நடத்திய விசாரணைகள் 370 அமர்வு நாட்கள், 98 வழக்குகள், 578 விசாரிப்புகள் என்று எண்ணப்பட்டிருக்கின்றன. ஐந்து பேர் எரிக்கப்பட்டார்கள். அவர் சித்திரவதையை நம்பியவரல்லர், பொறுமையை நம்பினார். மலைக்கிராமத்து இடையர்களையும் விதவைகளையும் எதிரில் உட்காரவைத்து, மறந்ததெல்லாம் நினைவுக்கு வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். மோந்தாயு என்ற கிராமத்தின் அந்தரங்கம் முழுவதும் இன்று நமக்குத் தெரிகிறதென்றால் அதற்கு அந்தப் பொறுமையே காரணம்; 1975இல் லெ ராய் லாதுரி அதை வைத்தே ஒரு புகழ்பெற்ற நூலை எழுதினார். வரலாற்றாசிரியர்களுக்குக் கிடைத்த வரம் அந்தக் கிராமத்துக்குச் சாபம். 1334இல் ஃபூர்னியே பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தையானார். அப்போதும் சபை அங்கியை விடவில்லை. அங்கியை விடாதவர் என்று பாராட்டும்போது நாமும் உம்பர்ட்டைப் போலத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். துறவி அல்லாத ஆயர்களுக்கு மட்டும் யார் கண்காணிப்பாளர்? பிரபுக் குடும்பத்து இளைய மகன்கள், அரச அலுவலர்கள், மறைமாவட்டத்தை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் — இவர்களைவிட ரிகோவும் பெக்கமும் நூறு மடங்கு மேல் அல்லவா? பெக்கம் 1281இல் லாம்பெத்தில் கூட்டிய மன்றம், பங்குக்குருக்கள் ஆண்டுக்கு நான்கு முறை விசுவாசத்தின் அடிப்படைகளை மக்கள் மொழியில் கற்பிக்க வேண்டும் என்று விதித்தது. அந்தப் பாடத்திட்டம் இங்கிலாந்தில் தலைமுறைகளுக்கு நின்றது. ஒப்புக்கொள்கிறேன். என் வாதம் துறவி ஆயர் மோசமானவர் என்பதன்று. உலகியல் ஆயருக்குத் தடுப்புகள் தாறுமாறாகவேனும் இருந்தன: குடும்பம், ஊர், பேராலயத்தில் கூடப் படித்த நண்பர்கள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சோம்பல். அலட்சியமான ஆயரின் மறைமாவட்டத்தில் பெட்ரோனில்லா பிழைத்திருப்பாள் என்பது கசப்பான உண்மை. துறவியிடம் அந்தத் தளர்ச்சி இல்லை. அவருடைய தடுப்பு முழுவதும் சபைக் கூடத்தில் இருந்தது. அதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஆயரான துறவி சபைச் சகோதரர்கள் ஓரிருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வாரே என்று கேட்கலாம். வைத்துக்கொண்டார்கள், ரிகோவோடும் பிரான்சிஸ்கன்கள் பயணம் செய்தார்கள். ஆனால் அவர்கள் அவருடைய உப்பைத் தின்பவர்கள். மடத்தில் சமையற்கட்டுச் சகோதரன்கூட ஆல்பர்ட்டின் குறையைச் சொல்லலாம். அரண்மனையில் செயலாளர் சொல்வாரா?

இதைவிட வலுவான மறுப்பு ஃபிளாரன்ஸ் நகரத்து அந்தோனினுஸ். சபைநீக்க மிரட்டலுக்குப் பணிந்து 1446இல் பேராயரான தோமினிக்கன். சிறு பணியாள் குழு, ஒரு கோவேறு கழுதை, வறுமையை வெளியே சொல்ல வெட்கப்படும் குடும்பங்களுக்கென்று 1442இலேயே அவர் தொடங்கிய உதவிக் குழு. 1448இன் கொள்ளைநோயில் ஊரோடு இருந்தார். 1458இல் மெதிச்சி கட்சியினர் நகர மன்றத்தின் ரகசிய வாக்கெடுப்பைக் குலைக்க முயன்றபோது அதைக் கண்டித்து ஆணை வெளியிட்டார். அதிகாரம் அவரைக் கெடுக்கவில்லை. தனிமனித நற்குணத்துக்கு அதில் பங்குண்டு, மறுக்கமாட்டேன். ஆனால் அவருடைய வழக்கில் ஒரு சிறிய புவியியல் உண்மையும் இருக்கிறது. அவர் தலைவராக இருந்த சான் மார்கோ மடம் அதே நகரத்தில், பேராலயத்திலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. அவர் எந்த அன்னிய ஊருக்கும் அனுப்பப்படவில்லை. அவரை நேற்றுவரை தினமும் பார்த்த சகோதரர்கள் இன்றும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். 1459இல் இறந்தபின் அவர் உடல் அங்கேதான் திரும்பியது. லெட்ரெட்டின் கில்கென்னிக்கும் இதற்கும் உள்ள தூரத்தை மைலில் அளக்க முடியாது.

கிரனாதாவில் இந்த வழக்கின் இரண்டு பக்கமும் ஒரே ஊரில் மோதிக்கொண்டன. 1492இல் நகரம் வீழ்ந்தபின் அதன் முதல் பேராயர், ஜெரோமியர் சபைத் துறவி எர்னாண்டோ தெ தலவேரா. முஸ்லிம்களைக் கட்டாயப்படுத்தாமல் கற்பித்து அழைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. முதுமையில் அரபு மொழி கற்கத் தொடங்கினார், தம் குருக்களையும் கற்கச் சொன்னார். அவர் தூண்டுதலில் பெத்ரோ தெ அல்கலா தொகுத்த அரபுச் சொற்பட்டியல் 1505இல் அச்சேறியது. ஊர் முஸ்லிம்கள் அவரைத் தங்கள் மார்க்க அறிஞர்களுக்குரிய சொல்லால் ‘புனித அல்ஃபாகி’ என்றார்கள். 1499இல் டொலேடோவிலிருந்து சிஸ்னேரோஸ் வந்தார். கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம், நகரச் சதுக்கத்தில் அரபு நூல்களுக்குத் தீ. மருத்துவ நூல்கள் மட்டும் அவர் நிறுவிவந்த அல்கலா பல்கலைக்கழகத்துக்காகத் தப்பின. அல்பைசீன் பகுதி கலகத்தில் எழுந்தபோது ஆயுதமின்றி உள்ளே போய்த் தணித்தவர் தலவேரா. இருவரும் துறவிகள், இருவரும் ஈசபெல்லா அரசியின் பாவசங்கீர்த்தனக் குருக்கள், இருவரும் சொந்த வாழ்வில் எளியவர்கள். ஏழ்மையை அளவுகோலாக வைத்தால் இவர்களைப் பிரித்துச் சொல்லவே முடியாது. ஒருவர் எழுபதை நெருங்கும் வயதில் அன்னிய மொழியின் முன் மாணவனாக உட்கார்ந்தார். பிழை செய்தால் திருத்துவதற்கு ஊரையே அழைத்தார். மற்றவரைத் திருத்த அரசியைத் தவிர யாருமில்லை, அரசியும் திருத்தவில்லை. பின்னாளில் இன்குவிசிஷன் குற்றம்சாட்டியது தலவேராவை, உறவினர்களைச் சிறைப்பிடித்தது. 1507இல் அவர் இறந்தார். அதே ஆண்டு சிஸ்னேரோஸ் தலைமை விசாரணையாளரானார்.

இந்தத் தனிமையை ஒரு துறவி தாமே உணர்ந்து எழுதிவைத்த இடம் ஒன்று உண்டு. அதற்கு ஐரோப்பாவை விட்டு வெளியே வர வேண்டும். மோந்தேகோர்வீனோ ஜான் என்ற பிரான்சிஸ்கன் சீனாவுக்குப் போகும் வழியில் சோழமண்டலக் கரையில், புனித தோமாவின் ஆலயம் இருந்த ஊரில் 13 மாதம் தங்கினார். சுற்றிலும் பல இடங்களில் ஏறக்குறைய நூறு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். உடன்வந்த தோமினிக்கன், பிஸ்தோயா ஊர் நிக்கோலாஸ், அங்கேயே இறந்து அந்த ஆலயத்தில் அடக்கமானார். ஜான் தனியே கான்பாலிக் என்ற இன்றைய பெய்ஜிங்குக்குப் போனார், கோவில் கட்டினார், நாற்பது சிறுவர்களை வாங்கி லத்தீன் எழுத்தும் வழிபாடும் கற்பித்தார், புதிய ஏற்பாட்டைத் தார்த்தாரியர் மொழியில் பெயர்த்தார். 1305இல் எழுதிய கடிதத்தில் இந்தச் சாதனைகளுக்கு நடுவே ஒரு வரி வருகிறது: கொலோன் மாநிலத்துச் சகோதரர் அர்னோல்டு வந்து சேரும்வரை பதினோரு ஆண்டுகள் தமக்குப் பாவசங்கீர்த்தனம் இல்லை. பசி இருந்தது என்றோ துணி இல்லை என்றோ அவர் எழுதவில்லை. தன் குற்றத்தைக் கேட்க ஆளில்லை என்று எழுதினார்.

1307இல் திருத்தந்தை ஐந்தாம் கிளமெந்து அவரைப் பேராயராக்கி, அவருக்குத் திருப்பொழிவு செய்ய ஏழு பிரான்சிஸ்கன்களை ஆயர்களாக்கி அனுப்பினார். கான்பாலிக் போய்ச் சேர்ந்தவர்கள் மூவர். அவர்களில் பெருஜியா அந்திரேயா பிற்பாடு தெற்கே துறைமுக நகரமான ஸைத்தூனுக்கு ஆயரானார். அரசர் தரும் படிப்பணம் நிறைய இருந்தது, அழகான கோவில் இருந்தது, விருப்பம்போல் பிரசங்கிக்க உரிமை இருந்தது. 1326 ஜனவரியில் பெருஜியாவிலிருந்த தம் மடத்தலைவருக்கு அவர் கடிதம் எழுதினார். தம்மோடு ஆயர்களாக்கப்பட்டவர்கள் எல்லோரும் இறந்துவிட்டதாகவும் தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாகவும் அதில் சொல்கிறார். மடத்தலைவருக்கு அவர்மேல் அப்போது எந்த அதிகாரமும் இல்லை. அந்திரேயா ஆயர், மற்றவர் மடத்துக்காரர். ஆனாலும் அந்தக் கடிதம் பழைய வீட்டுக்கே போனது.